அவரையே கேளுங்கள்



திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். சக்கர நாற்காலியில் நாற்பது வயது மனிதர் ஒருவர். வருகிறவர்கள் எல்லாரும் அவர் அம்மாவிடம்தான் விசாரிக்கிறார்கள்: "பையன் எப்படி இருக்கான்? சாப்பிடுறானா?" அக்கறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாரே!

யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும், இது யார் செய்த பாவம், இவரா பெற்றோரா என்று சீடர்கள் கேட்டார்கள். இருவருமில்லை என்றார் ஆண்டவர். நாம்தான் இன்னும் விடவில்லை. மரபணு நோய் என்று காதில் விழுந்ததும் அந்தக் குடும்பத்தின் பரம்பரையைத் தோண்டுகிறோம். சம்பந்தம் பேச வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள்.

ஹண்டிங்டன் என்றொரு அரிய நோய். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தலைகாட்டும். கைகால்கள் தாமாக அசையும், நடை தள்ளாடும், மனம் சோரும். குடித்திருக்கிறார் என்று ஊர் முடிவுகட்டிவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரிசோதனை உண்டு, குணமாக்கும் மருந்து இல்லை. அதனால் தெரிந்துகொள்ளவே வேண்டாம் என்று இருந்துவிடுகிறவர்கள் பலர். அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே தன் விரல் நடுங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளும் ஒரு மகளிடம், "எப்பம்மா கல்யாணச் சாப்பாடு?" என்று நாம் கேட்டிருக்க மாட்டோமா?

2017 மே 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இந்நோயாளர்களையும் குடும்பத்தாரையும் வத்திக்கானில் சந்தித்தார். தென்னமெரிக்காவிலிருந்தும் பலர் வந்திருந்தார்கள். வெட்கத்தால் வீட்டுக்குள் மறைக்கப்பட்டவர்கள் இனி மறைந்திருக்க வேண்டியதில்லை என்பதே அந்தச் சந்திப்பின் செய்தி. அவர்களில் பலரை அணைத்துக்கொண்டார் அவர்.

மறுபடி நற்செய்திக்கு வருவோம். பார்வை பெற்ற அந்த மனிதரைப் பற்றிப் பரிசேயர் விசாரித்தபோது, இவன் வயது வந்தவன், இவனையே கேளுங்கள் என்று பெற்றோர் ஒதுங்கிக்கொண்டார்கள். பயத்தில் சொன்னதுதான், ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்கள். அவர் தமக்காகத் தாமே பேசினார், அதற்காக வெளியே தள்ளப்பட்டார். அதைக் கேள்விப்பட்ட இயேசு என்ன செய்தார்? அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். இன்று இங்கே வர முடியாமல் வீட்டில் இருக்கிறவர்களே, வர மனமில்லாமல் இருக்கிறவர்களே, ஆண்டவர் உங்களையும் தேடுகிறார். அவர் இரக்கத்துக்கு நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

இப்படி ஒருவர் உங்கள் அன்பியத்தில் இருந்தால், அடுத்த கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். வாசகம் வாசிக்கிறீர்களா என்றும் கேட்கலாம். வேண்டாம் என்று அவர் சொன்னால், அதுவும் அவருடைய பதில்தான். வேறொரு நாள் சும்மா பேசிவிட்டு வரப் போங்கள்.