வீட்டின் விலையும் விட்டுக்கொடுத்தலும்

திருச்செந்தூருக்கு வடக்கே கடலோரமாக அமைந்த காயல்பட்டினத்தில், மணமான பெண் கணவன் வீட்டிற்குப் பெயர்ந்து செல்வதில்லை. மாப்பிள்ளையே பெண் வீட்டிற்கு வருகிறார். பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது அவ்வூர்ப் பெற்றோரின் நெடுங்கால வழக்கம். ஆகவே, மணவாழ்வு முறிய நேர்ந்தால் அங்கே வெளியேறுபவர் கணவரே. தலாக்கிற்குப் பின் தங்க இடமின்றித் தவிக்கும் பெண்டிரைப் பிற ஊர்களில் கண்டவர்கள் இவ்வழக்கின் அருமையை உணர்வார்கள்.

எனினும், இங்கேயும் ஒரு சிக்கல் எழக்கூடும். மாமனார் கொடுத்த வீட்டின்மேல், மருமகன் வளைகுடா நாட்டில் ஈட்டிய பொருளால் ஒரு மாடி எழுப்புகிறார் என்று கொள்வோம். செலவு 8 இலட்சம். பத்தாண்டுகளுக்குப் பின் இருவரும் பிரிகின்றனர். "என் மாடிக்கு விலை போடுங்கள்" என்கிறார் அவர். "எங்கள் வீட்டில் உங்களுக்கு ஏது மாடி?" என்கின்றனர் பெண் வீட்டார். பொறியாளர் அழைக்கப்படுகிறார்.

அவர் பரப்பை அளந்து, இன்று அதைக் கட்ட ஆகும் செலவைக் கணக்கிட்டு, கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானத்தைக் கழித்து ஒரு தொகையை எழுதுகிறார். அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. சந்தை விலை மற்றொன்று. அன்று செலவிட்ட தொகை வேறொன்று. எது நியாயமான விலை என்று வழக்குத் தொடங்குகிறது. ஆனால், அதற்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்தப் பணம் எந்த எண்ணத்தோடு கொடுக்கப்பட்டது? அன்பளிப்பாகவா, கடனாகவா, பங்காகவா? அளவுநாடா இதற்கு விடை கூறாது.

அன்பளிப்பு எனில், விலை கேட்கும் உரிமை கொடுத்தவருக்கில்லை. மனைவியை விலக்கி வேறொருத்தியை மணக்க நாடுபவர், முன்னவளுக்குப் பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்கலாகாதென்று திருமறை (4:20) தடுக்கிறது. பெண்ணே குல்உ கோரும்போது மஹரைத் திருப்பித் தருவது வேறு. மணத்திற்கு முன்னும் மணத்தின்போதும் பின்னும் உற்றாரும் கணவரும் கொடுத்த பொருள்கள் மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கே உரியவை என்று 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டமும் கூறுகிறது.

கடன் எனில், பெண் வீட்டார் மௌனம் சாதிப்பது அநீதி. அன்று கைநீட்டி வாங்கியவர்கள், இன்று "சாட்சி எங்கே?" என்று கேட்கலாமா? வாங்கியது 8 இலட்சமெனில் திருப்பவேண்டியதும் 8 இலட்சமே. அங்கே மதிப்பீட்டாளருக்கு வேலையே இல்லை.

பங்கு எனில் மட்டுமே இன்றைய விலை தேவை. அப்போதும், இரு தரப்பாரும் ஒப்பும் ஒருவரை அமர்த்தி, தொகை தெரியுமுன்னரே அதற்குக் கட்டுப்பட வேண்டும். இக்கடலோரத்தில் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பில், சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டனர். முறையை முன்பே ஒப்புக்கொண்டவர், திறந்தபின் முத்தில்லை என்று விலையைக் குறைக்க முடியாது.

கடனை எழுதிக்கொள்ளுமாறு திருமறை (2:282) பணிக்கிறது. நாமோ, "மாப்பிள்ளையிடம் எழுத்தா?" என்று நல்ல நாளில் கூசுகிறோம், அந்தக் கூச்சமே கெட்ட நாளில் பகையாக வளர்கிறது. எழுதாமல் விட்டவர்களுக்கு மிஞ்சுவது மனச்சாட்சி ஒன்றே. ஒருவருக்கொருவர் பெருந்தன்மை காட்ட மறக்கலாகாது என்னும் அறிவுரையைத் திருமறை (2:237) மணவிலக்கைப் பற்றிப் பேசுமிடத்தில்தான் வைத்திருக்கிறது. பிரிந்தவர்களின் குழந்தைகள் அந்த மாடியில்தான் உறங்குகின்றனர். அது தந்தை மனமுவந்து கட்டியது என்று அவர்கள் நினைக்கவேண்டுமா, தாய் ஏமாற்றிப் பெற்றது என்று நினைக்கவேண்டுமா? விலை பேச அமர்கிறவர்கள் முதலில் இதைப் பேசட்டும்.