ஓட்டும் உடம்பும்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். எங்கள் ஊரில் ஓட்டுப் போடும் நாளுக்கு இன்னும் நாலைந்து தினங்களே இருந்தன. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருவில் ஓயாமல் போவதும் வருவதுமாக இருந்தது. என் கதைகளைப் படிக்கும் இளைஞன் ஒருவன், கல்லூரியில் புள்ளியியல் படிப்பவன், அன்று என்னைப் பார்க்க வந்திருந்தான். ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னான்:

“சார், பெருந்தொற்று வந்து போன பிறகு நடக்கிற முதல் பொதுத் தேர்தல் இது. எத்தனை லட்சம் பேர் செத்துப்போனார்கள்! ஆஸ்பத்திரியைப் பற்றி மேடையில் யாராவது பேசுகிறார்களா, சொல்லுங்கள். தேர்தல் அறிக்கையில் நாலு வரி அச்சடித்திருப்பார்கள். அதோடு சரி.”

பேசாததற்குக் காரணமும் அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான். ஜனங்களுக்கு இந்த விஷயங்கள் புரியாதாம். ஆகையால் சுகாதாரம், விஞ்ஞானம், பொருளாதாரம் ஆகிய மூன்றையும் தேர்தலில் இருந்தே எடுத்துவிட்டு, விஷயம் தெரிந்தவர்கள் வசம் ஒப்படைத்துவிட வேண்டுமாம். “தடுப்பூசி நல்லதா கெட்டதா, வட்டி எத்தனை சதவீதம் என்பதையெல்லாம் கை தூக்கச் சொல்லியா முடிவு செய்வது?” என்று கேட்டான்.

எனக்குக் கோபம் வரவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவன் நான். பட்ஜெட் உரையைத் தொடக்கத்தில் இருந்து கடைசி வரை கேட்டுவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் “பெட்ரோல் ஏறுமா, இறங்குமா?” என்று விசாரிக்கிற ஜாதி. வயிற்றைத் திறக்கிற டாக்டர், வராந்தாவில் நிற்கிற உறவினர்களிடம் ஓட்டெடுத்துவிட்டா திறக்கிறார்? பையன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

மீதிப் பாதியைப் பற்றி யோசிக்கும்போதுதான் எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வந்தது.

பெரியப்பா 1976இல் டில்லியில் பள்ளி ஆசிரியர். பிழைப்புத் தேடி வடக்கே போன அந்தக் காலத்துத் தமிழர்களில் ஒருவர். கணக்கு வாத்தியார். அச்சுக் கோத்தாற்போன்ற கையெழுத்து. நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம் அது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். அந்த ஆண்டு ஏப்ரலில் மத்திய சர்க்கார் மக்கள்தொகைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. கல்வியும் வளர்ச்சியும் வந்து பிறப்பு விகிதம் தானே குறையட்டும் என்று காத்துக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் சாரம். சுகாதார மந்திரி கரண் சிங். அவரே 1974இல் புக்காரெஸ்ட் நகரில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில், வளர்ச்சிதான் சிறந்த கருத்தடை என்று வாதாடிவிட்டு வந்தவர்.

கவலைப்பட்ட நிபுணர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1971 கணக்கெடுப்பில் ஜனத்தொகை ஏறக்குறைய 55 கோடி. உணவுக்கு வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்து நின்ற ஆண்டுகள் எல்லோருக்கும் நினைவிருந்தன. ஆண்களுக்குச் செய்கிற கருத்தடைச் சிகிச்சை சிறியது. சில நிமிஷ வேலை. புத்தகத்தில் எழுதிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த 1976-77ஆம் ஆண்டுக்கு 43 லட்சம் பேர் என்று இலக்கு வைத்தார்கள். நடந்ததோ 80 லட்சத்துக்கு மேல்! முந்தைய ஆண்டைப்போல மூன்று மடங்கு. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

இலக்கு மேலே இருந்து கீழே இறங்கி வந்தது. மாகாணத்துக்கு இவ்வளவு, ஜில்லாவுக்கு இவ்வளவு என்று பிரிந்து பிரிந்து, கடைசியில் கணக்கு வாத்தியாரின் மேஜைக்கும் வந்து சேர்ந்தது. ஆளுக்கு இத்தனை ‘கேஸ்’ கொண்டுவர வேண்டும்; இல்லாவிட்டால் சம்பளம் நிறுத்தப்படும். பெரியப்பாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றது. வீட்டில் பெரியம்மாவும் இரண்டு பெண் குழந்தைகளும். இளையவளுக்கு அப்போது ஒரு வயது.

தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர் ஒருவர் இருந்தார்; உத்தரப் பிரதேசத்தில் ஏதோ கிராமம். பெரியப்பாவை ‘மாஸ்டர்ஜி’ என்று கூப்பிடுவார். ஊரில் இருந்து வரும் கடிதங்களைப் பெரியப்பாதான் அவருக்குப் படித்துக் காட்டுவார். சிகிச்சை செய்துகொண்ட சீட்டு இல்லாவிட்டால் வண்டி போட விடமாட்டார்கள் என்று பெரியப்பா அவரிடம் சொன்னார். அது பொய்யும் இல்லை. உரிமம், கடன் என்று பலவற்றுக்கும் அந்தச் சீட்டைக் கேட்டார்கள். இஸ்திரிக்காரர் மாஸ்டர்ஜியோடு முகாமுக்குப் போனார். கொஞ்சம் பணமும் ஒரு டின் நெய்யும் கொடுத்து அனுப்பினார்கள்.

படிவத்தை நிரப்பியது பெரியப்பா. ‘குழந்தைகள் எத்தனை?’ என்று ஒரு கட்டம். இஸ்திரிக்காரருக்கு ஒரே ஒரு பெண். பெரியப்பா தம்முடைய அழகான கையெழுத்தில் 3 என்று எழுதினார்.

இதை அவர் என்னிடம் சொன்னபோது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வேலையில் இருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் திண்ணை வைத்த வீட்டில் இருந்தார். “நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றை மூன்று என்று எழுதியது ஒரே ஒரு தடவைதான்” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் செய்தது அந்த ஆண்டு நடந்தவற்றில் மிகச் சிறியது. ஹரியானாவில் உட்டாவர் என்ற கிராமத்தை 1976 நவம்பரில் போலீசார் சுற்றி வளைத்து, ஆண்களைப் பிடித்துப்போய்ச் சிகிச்சை செய்தார்கள். மகாராஷ்டிரச் சட்டசபை கட்டாயக் கருத்தடைக்கு மசோதாவே நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்காததால் சட்டமாகாமல் நின்றது. பிறகு விசாரித்த ஷா கமிஷனிடம், கல்யாணமாகாதவர்களுக்குச் சிகிச்சை செய்ததாக மட்டும் 548 புகார்கள் வந்தன.

1977 மார்ச்சில் பொதுத் தேர்தல் நடந்தது. முடிவு எல்லோரும் அறிந்ததுதான் என்றாலும் ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது. உத்தரப் பிரதேசத்தில் 85 தொகுதிகள். காங்கிரசுக்கு ஒன்றும் இல்லை. பீகாரில் 54, அங்கும் இல்லை. ரேபரேலியில் பிரதம மந்திரியே தோற்றார். ஆனால் அதே கட்சி, அதே மாதத்தில், ஆந்திரத்தில் 42 தொகுதிகளில் 41ஐ வென்றது. கர்நாடகத்தில் 28க்கு 26. சிறையும் தணிக்கையும் நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்தன. முகாம்களின் கொடுமைதான் வடக்கே மிகவும் கூடுதலாக இருந்தது. தேர்தல் முடிவுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. ஆனாலும் ‘நஸ்பந்தி’ என்ற அந்த ஒரு சொல் கங்கைக் கரை முழுவதும் செய்த வேலையை எந்த மேடைப் பேச்சும் செய்திருக்க முடியாது.

இந்தக் கதையை அந்த இளைஞனிடம் சொன்னேன். “ஓட்டுப் போட்ட அந்த ஜனங்களுக்கு மக்கள்தொகை சாஸ்திரம் தெரியுமா?” என்று கேட்டேன். தெரியாது என்றான். “திட்டம் போட்டவர்களுக்கு?” தெரியும் என்றான். “அப்படியானால் யார் சொன்னது சரி?”

அவன் கெட்டிக்காரன். சட்டென்று பிடித்துக்கொண்டான். “முறை தப்பு சார். அதை ஜனங்கள் தண்டித்தது சரி. ஆனால் தண்டிக்க மட்டும்தானே தெரிந்தது? என்ன செய்ய வேண்டும் என்று அவர்களால் சொல்ல முடிந்ததா?”

இது நியாயமான கேள்வி. என்ன வேண்டும் என்று ஜனங்களால் சொல்லவே முடியாது என்பதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். பிரிட்டனில் 1945இல் அப்படிச் சொன்னார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், யுத்தத்தின் நடுவே, பெவரிட்ஜ் என்பவர் சமூக இன்ஷூரன்ஸ் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சர்க்கார் அறிக்கை, அட்டவணைகள் நிறைந்தது. நம் ஊரில் அப்படி ஒன்று வந்தால் கரையான் மட்டுமே முழுசாகப் படிக்கும். அங்கே ஜனங்கள் வரிசையில் நின்று காசு கொடுத்து வாங்கினார்கள். ஆறு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. நோய் வந்தால் வைத்தியம், வேலை போனால் உதவி, முதுமைக்குப் பென்ஷன் ஆகியவற்றைப் பற்றி இராணுவ முகாம்களில்கூட விவாதித்தார்கள். 1945 ஜூலையில் யுத்தம் வென்று கொடுத்த சர்ச்சிலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தொழிற்கட்சிக்கு 393 இடங்களைக் கொடுத்தார்கள். 1948 ஜூலை 5இல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் அமலுக்கு வந்தது. ஆரம்பத்தில் அதைப் பலமாக எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? டாக்டர்கள்! தங்களுக்குள்ளேயே ஓட்டெடுத்து, வேண்டாம் என்று பெரும்பான்மையாகச் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே 1945 தேர்தலில் பெவரிட்ஜும் நின்றார், தோற்றுப்போனார். அவர் எழுதியதை வைத்துக்கொண்டு அவரை விட்டுவிட்டார்கள்.

அங்கே கேள்வி முதலில் வந்தது. ஓட்டு பிறகு வந்தது. நடுவில் மூன்று வருஷம் பேச அவகாசம் இருந்தது. இங்கே கத்தி முதலில் வந்தது, அப்புறம்தான் ஓட்டு. கேள்வி கடைசி வரை வரவே இல்லை.

1977இல் ‘வேண்டாம்’ என்று இடி போலச் சொல்லியாகிவிட்டது. சரி, பிறகு என்ன? புது சர்க்கார் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயரைக் ‘குடும்ப நலம்’ என்று மாற்றியது. இலாகாவின் பெயர்ப்பலகையும் மாறியது. அரசியல்வாதிகளுக்கு ஒரு பாடம் மட்டும் நன்றாக மனத்தில் பதிந்தது: ஆண்களின் பக்கம் போகாதே. அதற்குப் பிறகு அந்தப் பாரம் யார் தலையில் இறங்கியது என்று எந்தத் தேர்தல் மேடையிலாவது கேட்டார்களா? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் தம்பதிகளில், மனைவி கருத்தடைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 37.9, கணவன் செய்துகொண்டவர்கள் 0.3. எளிய சிகிச்சை எதுவோ அது மறைந்துபோயிற்று. வயிற்றைத் திறக்கிற சிகிச்சை நிலைத்துவிட்டது.

2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாம் நடந்தது. ஒரே டாக்டர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் சிகிச்சை செய்தார். பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். கத்தியா, கொடுத்த மாத்திரையா என்று விசாரணைகள் நடந்தன. எந்தச் சர்க்காரும் அதனால் கவிழவில்லை. முகாம் முறையையே மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஒரு பெண்மணி தொடுத்த வழக்கின் பலன் அது. 1977இல் ஒரு ராஜ்யத்தையே புரட்டிப் போட்ட விஷயம், பெண்களின் உடம்புக்கு மாறியதும் கோர்ட்டுக் கட்டடத்துக்குள் ஒரு வழக்கு எண்ணாகச் சுருங்கிவிட்டது. பெண்களுக்கும் ஓட்டு இருக்கத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் வீட்டில் ஒருவராக, ஊருக்கு ஊர் தனித்தனியாக, மெதுவாக நடக்கிற துன்பத்துக்கு ஓட்டுப் பெட்டியில் சத்தம் கேட்பதில்லை.

இளைஞன் வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “உங்கள் பெரியப்பா யாருக்கு ஓட்டுப் போட்டார்?” என்று கேட்டான்.

ஜனதாவுக்குத்தான் போட்டார். முடிவு தெரிந்த அன்று தெருவெல்லாம் பட்டாசு. இஸ்திரிக்காரர் ஒரு பொட்டலம் லட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தார். பெரியப்பா வீட்டுக்கும் வந்தார். “ஜெயித்துவிட்டோம், மாஸ்டர்ஜி!” என்று அவர் கையில் ஒரு லட்டை வைத்தார். அந்த லட்டைத் தின்னவும் முடியாமல், தூரப் போடவும் மனம் வராமல், பெரியப்பா அதை அலமாரியில் வைத்தாராம். எறும்பு வந்த பிறகு பெரியம்மா எடுத்துப் போட்டாளாம்.

ஓட்டுப் போடும் நாளன்று பெரியம்மாவை நான்தான் ஆட்டோவில் அழைத்துப் போனேன். பெரியப்பா போன பிறகு அவள் எங்களோடுதான் இருக்கிறாள். திரும்பி வரும்போது, நெடுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“பெரியம்மா, நீங்க 1978ல ஆபரேஷன் பண்ணிண்டீங்களே, பெரியப்பா ஏன் பண்ணிக்கலை? அவருக்குத்தான் அது சின்ன வேலையாச்சே.”

“அவர் முகாம்ல பார்த்ததெல்லாம் பார்த்துட்டுப் பயந்து போயிருந்தார்டா. நர்ஸ் வந்து என் பேரை எழுதிண்டா. இவர் கையெழுத்துப் போட்டார்.”

“உங்களைக் கேட்கலையா?”

பெரியம்மா விரலில் இருந்த மையை ஈரம் போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்தாள்.

“என்னை யாரு கேட்டா?” என்றாள். பிறகு, “ஆட்டோக்காரனுக்கு எவ்வளவு பேசியிருக்கே? போன தடவை நூறு ரூபாய் ஏமாத்திட்டான்” என்றாள்.