உதைத்தவர் யார்?

சென்ற பெருநாளுக்கு முன் நம் கடைக்கு அடுத்த கடையில் நடந்தது இது. பெருநாள் வியாபாரத்துக்கென்று தருவித்த துணிப் பெட்டிகள் துறைமுகத்திலேயே தங்கிவிட்டன. செய்தியைத் தொலைபேசியில் கேட்ட இளைஞர் கல்லாவில் இருந்தபடியே, "நானா, இது கிக் இன் த டீத்!" என்றார். பக்கத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவருக்கு ஆங்கிலம் அரைகுறை. "பல்லுலே உதையா? எவன் தம்பி உதைச்சான்?" என்று பதறி எழுந்துவிட்டார்.

கடை முழுதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

"பல்லில் உதை" என்னும் இந்த ஆங்கில வழக்கு இன்று நம் பிள்ளைகளின் நாவில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. வாடகை ஏறினாலும் பல்லில் உதை. மழை பெய்து இரவுச் சந்தை படுத்தாலும் பல்லில் உதை. கைகொடுப்பார் என்று நம்பியிருந்தவரே நம்மைத் தள்ளிவிடும்போது சொல்லத்தக்க சொல் அது. நாளடைவில் ஆங்கிலேயரும் எல்லா ஏமாற்றத்துக்கும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். அவர்களிடமிருந்து நாமும் பழகிக்கொண்டோம்.

நம் மொழியிலும் இதற்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. "இந்த வருஷம் நல்ல அடி" என்கிறோம். அந்த வாக்கியத்தில் அடித்தவன் என்று ஒருவன் இல்லை. "வயிற்றிலே அடித்துவிட்டான்" என்றோமானால், எங்கோ ஒருவன் நிற்கிறான். முன்னது நட்டக் கணக்கு, பின்னது குற்றச்சாட்டு. குற்றம் சாட்டுகிறவன் சாட்சி காட்ட வேண்டாமா? வலிக்கிறது என்பது மட்டும் சாட்சியாகிவிடுமா?

2020 மார்ச் 18ஆம் தேதி இந்நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சுற்றுப்பயணிகளை நம்பியிருந்த நாணய மாற்றுக்காரர்கள் பட்ட பாடு நம்மவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோய்க் கிருமிக்குக் கால் ஏது? ஆயினும் அந்த மாதங்களில் கால் தேடாதவர் நம்மில் எத்தனை பேர்? வாடகையைக் குறைக்காத கட்டடக்காரர் உதைத்தார் என்றோம். அவருக்கு வங்கிக் கடன் இருந்ததா என்று கேட்டோமில்லை.

இப்படிச் சொல்வதால், உலகில் உதைப்பவரே இல்லை என்று நாம் வாதிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். கூட்டு முதலை விழுங்கிவிட்டு ஊருக்குக் கப்பலேறிய பங்காளிகளைப் பார்த்த சமூகம்தானே நாம்! அவன் செய்ததைத் தலைவிதி என்பதும் பொய்தான். நம்மை உறுத்துவது வேறொன்று. அடி நம்மேல் விழும்போது உதைத்த காலைத் தேடுகிறோம். அடி நம்மிடமிருந்து புறப்படும்போதோ, "விலை ஏறிவிட்டது" என்கிறோம். "ஆளை நிறுத்த வேண்டியதாகிவிட்டது" என்கிறோம். ஏற்றியவரும் நிறுத்தியவரும் வாக்கியத்திலிருந்து மெல்ல நழுவிவிடுகிறார்கள்.

நம் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறோம்.

1967 ஜூன் 12ஆம் தேதி மலேசியாவின் புதிய வெள்ளி நோட்டு புழக்கத்துக்கு வந்தது. பழைய மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நோட்டும் சமமதிப்பில் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 18ஆம் தேதி இலண்டனில் பவுனின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 ஆக இறக்கினார்கள். பவுனோடு கட்டுண்டிருந்த பழைய நோட்டும் உடன் இறங்கியது. ஒரு வெள்ளி 85 காசாயிற்று. புதிய நோட்டு இறங்கவில்லை. பழைய நோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த சிறு கடைக்காரனும் கூலியாளும்தான் அகப்பட்டுக்கொண்டார்கள். 24ஆம் தேதி பினாங்கில் நடந்த கடையடைப்பு கலகமாக மாறி உயிர்களும் போயின. பள்ளிச் சிறுவனாக, அடைத்த பலகைக் கதவின் இடுக்கு வழியே ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

"வெள்ளைக்காரன் போயும் வயிற்றிலே அடிக்கிறான்" என்று நம் வாப்பா அன்று சொன்னார்கள். பிறகு பல வருஷம் சொன்னார்கள். அவர்கள் சொன்ன இன்னொன்றும் உண்டு. அடுத்த வருஷமே கடைப்பையன் ஒருவர் வேலையை விட்டு விலகி, நான்கு கடை தள்ளி ஒரு மிட்டாய்ப் பெட்டிக்கடை போட்டார். "என் உப்பைத் தின்றவனே என் வயிற்றில் அடித்தான்" என்று மௌத்தாகும்வரை வாப்பாவுக்கு அந்த மனத்தாங்கல் தீரவில்லை. நாமும் அதை நம்பினோம். அவரைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பிள்ளைகளுக்கும் அதையே பழக்கினோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் பழைய கடையைக் காலி செய்தபோது பேரேடுகள் கிடைத்தன. கறையான் விட்டு வைத்த பக்கங்களில் 1967 நவம்பரும் ஒன்று. பையன்களின் சம்பளம் எப்போதும் மாதக் கடைசியில்தான் பற்று எழுதப்பட்டிருக்கும். அந்த மாதம் மட்டும் 20ஆம் தேதியே எழுதப்பட்டிருந்தது. அவர் பெயருக்கு நேரே 60 வெள்ளி, பக்கத்தில் வாப்பாவின் கையெழுத்தில், "பழைய நோட்டு."

60 வெள்ளிக்கு 9 வெள்ளி நட்டம். செய்தி பையன்களின் காதுக்கு எட்டுமுன் கொடுத்து முடித்திருக்கிறார்கள்.

நாம் அந்தப் பேரேட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார், கண் மங்கல். ஐம்பது வருஷத்துக்கு மேல் பேசாதிருந்தவர்கள் வாசலில் நிற்பதைக் கண்டு முதலில் பயந்துபோனார். பிறகு நாற்காலி போடச் சொன்னார். மன்னிப்புக் கேட்டால் மனச்சுமை இறங்கும் என்பதே நம் கணக்கு. பக்கத்தை விரித்து, விரல் வைத்துக் காட்டினோம்.

வெகுநேரம் பார்த்தார்.

"அந்த மாசம் முதலாளி சம்பளத்தை முன்னாலேயே கொடுத்தாங்க" என்றார். "உம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் பணம் அனுப்பணும்னு சொல்லியிருந்தேன். அதை நினைவு வெச்சுக் கொடுத்தாங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். நோட்டு இறங்கினது என் நேரம்னு விட்டுட்டேன்."

தேத்தண்ணீர் வந்தது. ஆறும்வரை ஒருவரும் எடுக்கவில்லை. புறப்படும்போது பேரேட்டை மூடி நம் கையில் கொடுத்து, "இதை எம் புள்ளைங்ககிட்ட காட்ட வேணாம்" என்றார்.