நினிவே அரசனும் நல்லூர் அரசனும்



நல்லூர் முத்திரைச்சந்தியிலே சங்கிலியனின் சிலை நிற்கிறது. மன்னார் தோட்டவெளியிலே, சங்கிலியனின் வாளுக்கு இரையான வேதசாட்சிகளின் நினைவாக ஆலயம் நிற்கிறது. தமிழரும் கத்தோலிக்கருமாகிய நமக்கு இரண்டுமே சொந்தம். பள்ளிக்கூடத்தில் சங்கிலியனை வீரனென்று படித்த பிள்ளை, ஞானப்பாட வகுப்பில் நம் முன்னோரைக் கொன்றவனும் அவனே என்று கேட்டு, வீட்டுக்கு வந்து, “அம்மா, அவன் நல்லவனா, கெட்டவனா?” என்று வினவினால் என்ன விடை சொல்வீர்கள்?

முதலில் வரலாற்றை அறிந்துகொள்வோம். சங்கிலி என்னும் பெயருடன் யாழ்ப்பாணத்தை ஆண்ட மன்னர் இருவர். முன்னவன் 1519இல் அரசேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். பின்னவன், 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே கொல்லப்பட்ட சங்கிலி குமாரன். மக்களின் நாவிலே இருவரும் ஒருவராகிவிட்டனர். மன்னார் வேதசாட்சிகளின் குருதிக்குக் காரணமானவன் முன்னவனே.

1544இல் மன்னார் மக்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, முத்துக்குளித்துறைக் கரையிலே பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார் தமக்குப் பதிலாக ஒரு குருவானவரை அனுப்பினார். பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அக்கரையிலே பரதவர்கள் 1530களில் மறைதழுவியபோது போர்த்துக்கல் மன்னனின் பாதுகாப்பையும் ஏற்றிருந்தனர். இக்கரையிலும் அவ்வாறே நிகழ்ந்தால் மன்னாரும் அதன் முத்தும் கைவிட்டுப் போகும் என்று நல்லூர் அரசன் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. ஆனால், அவன் செய்ததற்கு நியாயம் இல்லை. சுமார் 600 பேர் கொல்லப்பட்டனர். அவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர்.

அடுத்து நடந்ததையும் மறைக்கலாகாது. அரசனைத் தண்டிக்கும்படி சவேரியார் போர்த்துக்கேய அதிகாரிகளை வற்புறுத்தினார். நாகபட்டினத்திலிருந்து படை புறப்பட வேண்டியிருந்தது. அந்த வேளையில், போர்த்துக்கல் மன்னனின் சரக்கை ஏற்றிப் பெகுவிலிருந்து வந்த கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சரக்கு நல்லூர் அரசன் வசமாயிற்று. சரக்கை மீட்கும்வரை போர் வேண்டாம் என்று படை நின்றுவிட்டது. இதை 1545இல் சவேரியாரே தம் கடிதத்தில் குறித்திருக்கிறார். ஏழைகளின் குருதியைவிடக் கப்பற் சரக்கு விலை கூடியதாயிற்று!

1560இல் போர்த்துக்கேயப் படை வந்தது. நல்லூர் வீழ்ந்தது, அரசன் தப்பினான், மன்னாரில் கோட்டை எழுந்தது. 1619இல் அரசே அழிந்தது. 1621இல் பிலிப்பு தே ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். துன்புற்றோரின் வேதத்தைச் சேர்ந்தவனே அயலாரைத் துன்புறுத்தினான். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். இப்போது நம்முடைய ஆலயங்கள் பறிபோயின, நம்முடைய குருமார் துரத்தப்பட்டனர். வாளால் காக்கப்பட்ட வேதத்தை அந்த வாள் காப்பாற்றவில்லை. 1687இல் ஏழையின் கோலத்தில், படையும் பாதுகாப்பும் இன்றி வந்திறங்கிய புனித யோசேப்பு வாஸ் அடிகளாரே அணைய இருந்த விளக்கைத் தூண்டினார்.

இனி வேதாகமத்தைப் பார்ப்போம். அக்காலத்தில் அசீரியா என்றாலே உலகம் நடுங்கியது. அதன் அரசன் சனகெரிபு கி.மு. 701இல் யூதாவின் 46 அரணுள்ள நகரங்களைப் பிடித்ததாகத் தன் கல்வெட்டிலே பெருமை பேசுகிறான். அந்நகரங்களுள் ஒன்றான இலாக்கீசு வீழ்ந்த காட்சியை நினிவேயிலிருந்த தன் அரண்மனைச் சுவரிலே சிற்பமாகச் செதுக்குவித்தான். அதிலே சித்திரவதைப்படும் மனிதரையும், மூட்டை முடிச்சுடன் நாடுகடத்தப்படும் குடும்பங்களையும் இன்றும் இலண்டன் அரும்பொருட் காட்சியகத்தில் காணலாம். எருசலேம் மட்டும் அவனுக்கு அகப்படவில்லை. கி.மு. 681இல் சொந்த மைந்தரே அவனைக் கொன்றனர். கி.மு. 612இல் நினிவேயும் வீழ்ந்தது.

இந்த நினிவேக்குத்தான் யோனா அனுப்பப்பட்டார் என்று வேதாகமம் சொல்கிறது. நமக்குக் குழந்தைப் பருவம் முதல் நினைவிருப்பது மீன் மட்டுமே. யோனா ஓடியதற்குக் காரணம் மீனும் அல்ல, கடலும் அல்ல. தம் பகைவரை ஆண்டவர் மன்னித்துவிடுவார் என்ற அச்சமே. அவர் அஞ்சியபடியே நடந்தது. நினிவேயின் அரசன் அரியணையை விட்டு இறங்கிச் சாம்பலில் அமர்ந்தான், நகர் பிழைத்தது, யோனா சினந்தார். இத்தனை மக்களும் கால்நடைகளும் உள்ள நகருக்கு நான் இரங்கக் கூடாதா என்று ஆண்டவர் கேட்கிறார். அக்கேள்வியோடு நூல் முடிகிறது. யோனாவின் விடை எழுதப்படவில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.

நினிவே இருந்த இடத்திலே இன்று மோசுல் நகர் இருக்கிறது. அந்தச் சமவெளியிலே கிறிஸ்தவம் வேரூன்றியது. அங்குள்ள திருச்சபைகள் நினிவேயரின் மனமாற்றத்தை நினைந்து ஆண்டுதோறும் மூன்று நாள் நோன்பு இருக்கின்றன. கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவரும் அதே நோன்பை அனுசரிக்கின்றனர். அந்தச் சமவெளிக் கிறிஸ்தவர்கள் 2014இல் வீடு வாசல்களை விட்டு ஓட நேர்ந்தது. பின்னர் ஒரு பகுதியினர் திரும்பினர். சனகெரிபுவின் அரண்மனை இன்று இடிபாடு. மனம்திரும்பியோரின் நோன்பு இன்றும் உயிரோடிருக்கிறது.

வாசகர்களே, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய சங்கிலியை மன்னிப்பது நமக்கு எளிது. 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்திலே தஞ்சம் புகுந்தோர்மீது குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் உங்கள் உறவினரும் இருக்கலாம். யோனாவிடம் கேட்ட கேள்வி அங்கேதான் நம்மைச் சுடுகிறது.

மன்னிப்பு என்பது மறதி அன்று. யோனா முதலில் நகரின் நடுவே நின்று அதன் தீமையை உரக்கச் சொன்னார். பிறகே இரக்கம் வந்தது. கொல்லப்பட்டோரை எண்ணுவதும், பெயர் சொல்லி நினைவுகூர்வதும், உண்மையைக் கேட்பதும் நம் கடமை. ஆனால், பகைவன் மனம்திரும்பி வாழ்வதைவிட அழிந்துபோவதையே விரும்பும் நெஞ்சிற்கு, கல்வாரியிலே தம்மை அறைந்தோருக்காக மன்றாடிய ஆண்டவரோடு என்ன பங்கு?

ஆகவே அந்தப் பிள்ளைக்கு இவ்வாறு சொல்லுங்கள்: “அவன் நம் நாட்டை ஆண்ட அரசன். அச்சத்தினால் பெரும் பாவம் செய்தான். அவன் கொன்றவர்கள் நம் முன்னோர், அவனும் நம்மவனே.” பின்பு பிள்ளையோடு முழந்தாட்படியிட்டு, வேதசாட்சிகளிடம் ஒரு மன்றாட்டும், அந்த அரசனின் ஆன்மாவுக்காக ஒரு செபமும் சொல்லுங்கள். அதன்பின், சொல்லக் கடினமான அந்த மூன்றாவது பெயருக்காகவும் செபியுங்கள்.