பாசம் வராத தாய் பாவியா?

சில ஆண்டுகளுக்கு முன் கிளிநொச்சி மாவட்டத்துப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலம். ஒரு மாலைவேளை, ஞானஸ்நானத்துக்குத் திகதி குறிப்பதற்காக ஒரு குடும்பத்தார் பங்குமனை விறாந்தைக்கு வந்திருந்தனர். மாமியார் குழந்தையை மடியில் வைத்திருந்தார். குழந்தையின் பெயர், ஞானப்பெற்றோர் யார், அன்றைக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு என எல்லாவற்றையும் அவரே சொன்னார். பிள்ளை பெற்றவள் தூணோடு சாய்ந்து நின்றாள். குழந்தைக்கு ஆறு கிழமை. மற்றவர்கள் படலையைத் தாண்டிய பிறகு அவள் மட்டும் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"பாதர், எனக்கு இந்தப் பிள்ளையிலை பாசம் வரேல்லை. அழுதால் பால் குடுக்கிறன், குளிப்பாட்டுறன். ஆனா உள்ளுக்கை ஒண்டுமில்லை. இது பாவமோ?"

"அப்பிடி எல்லாம் யோசிக்கக் கூடாது பிள்ளை. மாதாவிடம் மன்றாடு, செபமாலை சொல்லு, எல்லாம் சரிவரும்" என்றேன். அரை நிமிடமும் ஆகியிராது. அடுத்த கூட்டத்துக்கு எனக்கு நேரமாகியிருந்தது.

சில வாரங்களின் பின், ஒரு நள்ளிரவில் அவள் கிணற்றடியில் தனியே நின்றதைப் பக்கத்து வீட்டு அக்கா கண்டு, கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் வீட்டில் படுக்க வைத்திருக்கிறார். மறுநாள் மிட்வைப் மிஸ், அதாவது அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், அவளை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் சென்றார். சில மாதச் சிகிச்சையில் அவள் தேறினாள். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. (இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதல்ல. அவளுடைய சம்மதத்தோடு, ஊர்ப் பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.) அவளைக் காப்பாற்றியவர்கள் அந்த அக்காவும் மிட்வைப் மிஸ்ஸும். ஏழு ஆண்டு குருமடத்தில் தத்துவமும் இறையியலும் படித்த நான் அல்ல.

எனினும் அவள் கேட்டது இறையியல் கேள்விதான். அதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

சாவான பாவத்துக்கு மூன்று காரியங்கள் வேண்டும் என்று சிறு வயதிலேயே மறைக்கல்வியில் படித்திருக்கிறோம்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். உள்ளத்தில் ஓர் உணர்ச்சி எழுவதும் எழாமல் விடுவதும் நம் சம்மதத்தைக் கேட்டு நடப்பவை அல்ல. பசி எடுக்காத நோயாளியைப் பார்த்து "நீ சோற்றை அவமதிக்கிறாய்" என்று யாராவது சொல்வார்களா? அன்பு என்பது மற்றவருடைய நன்மையை விரும்புதல் என்று புனித அக்குவினா தோமையார் வரையறுத்தார். விரும்புதல் என்பது மனத்தின் தீர்மானம். உள்ளே ஒன்றுமில்லை என்று உணர்ந்தபடியே இரவு இரண்டு மணிக்கு எழுந்து பால் கொடுக்கும் பெண், அந்த வரைவிலக்கணத்தின்படி அன்பு செய்துகொண்டிருக்கிறாள். இனிமை எதுவும் திரும்பக் கிடைக்காமலே செய்கிறாள்.

அன்னையர் தினங்களில் எசாயா ஆகமத்தின் 49 ஆம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கிப்பது நமக்குப் பழக்கம். பால்குடிப் பிள்ளையைத் தாய் மறப்பாளோ என்று இறைவன் அங்கே கேட்கிறார். நாம் அந்தக் கேள்வியோடு நிறுத்திவிட்டுத் தாய்ப்பாசத்தின் மகிமையைப் பாடத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் அதே வசனத்தின் அடுத்த பகுதி, அவள் மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று சொல்கிறது. தாயின் உணர்ச்சி தளரக்கூடியது என்பதை வேதாகமமே ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்கள் நாம்தான்.

இது ஏதோ நவீன காலத்து வருத்தம் என்று எண்ணுவோர்க்கு ஒரு பழைய கதை. இங்கிலாந்தின் கிழக்கே லின் என்ற துறைமுகப் பட்டினத்தில் 1373 அளவில் பிறந்தவர் மாஜரி கெம்ப். எழுதத் தெரியாத இந்தக் கத்தோலிக்கப் பெண், முதிர்ந்த வயதில் தம் வாழ்க்கையைச் சொல்லிச் சொல்லிப் பிறரைக்கொண்டு எழுதுவித்தார். பல நூற்றாண்டு காணாமற் போயிருந்த அந்தக் கையெழுத்துப் பிரதி 1934 இல் கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுந்த முதல் தன்வரலாறு என்று அதைச் சொல்வார்கள். அது தொடங்குவதே முதற் பிள்ளைப்பேற்றில்தான். கர்ப்ப காலம் முழுதும் சுகவீனம். பிள்ளை பிறந்ததும் உயிர் தங்காது என்ற பயம். நெடுநாள் மனத்தில் கிடந்த ஒரு பாவத்தைச் சொல்லக் குருவானவரை அழைப்பிக்கிறார். அவரோ அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவசரப்பட்டுக் கடிந்துகொள்கிறார். அவள் வாய் மூடிவிடுகிறது. அரை ஆண்டும் எட்டுக் கிழமையும் சில நாட்களும் புத்தி கலங்கி, தன்னைத் தானே காயப்படுத்தாமல் இருக்கக் கட்டிவைக்கப்பட்டுக் கிடந்தார் என்று அந்த நூல் சொல்கிறது. அவருக்கு வந்தது கடுமையான வகை. சாதாரண மனச்சோர்வு அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் அந்தக் குருவானவரின் அவசரம் எனக்கு நன்றாகத் தெரிந்த அவசரம்.

கதையில் அவருடைய கணவரும் வருகிறார். மனம் தெளிந்ததும் மாஜரி களஞ்சிய அறைத் திறப்பைக் கேட்கிறார். கொடுக்கவேண்டாம், எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடுவாள் என்று வேலைக்காரர் தடுக்கிறார்கள். கணவர் இரக்கத்தோடு, கொடுங்கள் என்கிறார். தேறி வருகிற பெண்ணிடம் வீட்டுத் திறப்பைத் திரும்பக் கொடுக்கிற மனம் நம் ஆண்களில் எத்தனை பேருக்கு இருக்கும்? "அவளுக்கு ஒருக்கா விசர் வந்தது" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டும் வீடுகளை நான் அறிவேன்.

இனி வைத்தியர்கள் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பிள்ளை பிறந்து மூன்றாம் நாள், நாலாம் நாள் அளவில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு கிழமைக்குள் அது தானே போய்விடும். அதற்கு மேலும் நீடித்து, எதிலும் விருப்பமின்றி, பிள்ளை உறங்கும்போதும் தனக்கு உறக்கமின்றி, தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணம் ஓயாமல் அரித்தால் அது மனச்சோர்வு நோய். கர்ப்ப காலத்திலேயே அது தொடங்குவதும் உண்டு. வளர்முக நாடுகளில் கர்ப்பிணிகளில் 100 க்கு ஏறத்தாழ 16 பேருக்கும், பிள்ளை பெற்றவர்களில் 100 க்கு ஏறத்தாழ 20 பேருக்கும் மனநலக் குறைபாடு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஞாயிறு பூசையில் பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருக்கும் ஐந்து தாய்மாரை எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருத்தி.

ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வேறொரு வகை வரும். பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள், திடீரென நித்திரை அற்றுப்போகும். பேச்சுக் குழம்பும். இல்லாத குரல்கள் கேட்கும். நம் ஊரில் இதைப் பேய்க் குணம் என்று நூல் கட்ட ஓடுவார்கள். அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குருவானவரும் கை வைத்துச் செபிக்கட்டும், வாகனத்தில் ஏறிய பிறகு.

"உதெல்லாம் இப்பத்தைய பெட்டையளின்ரை செல்லம். நாங்கள் பதுங்குகுழிக்குள்ள பெத்தம். எங்களுக்கு உந்த வருத்தம் ஒண்டும் வரேல்லை" என்று முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார். அவரிடம் வாதாட எனக்குத் தகுதியில்லை. 2009 இன் முதல் மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து, வழியில் பிள்ளை பெற்ற தாய்மாரின் உறுதி சாதாரணமானதல்ல. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: அப்போது வருத்தம் வரவில்லையா, அல்லது கேட்பதற்கு ஆள் இருக்கவில்லையா? பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னி மக்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், போர் தனி மனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்தியது என்று காட்டினார். அந்தக் காயத்தின் கணக்கு இப்போதுதான் பிள்ளைப்பேற்று அறைக்கு வந்து சேர்கிறது. இன்று முதற் பிள்ளை பெறும் இளம் பெண்கள் பலர் 2009 இல் சிறுமிகள். சிலர் அந்த மாதங்களில் தாயை இழந்தவர்கள். சிலர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் வளர்ந்தவர்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது. தாயில்லாமல் வளர்ந்தவள் தான் தாயாகும்போது யாரைப் பார்த்துப் பழகுவாள்?

முன்பு பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீடு இருந்தது. அம்மாவும் அம்மம்மாவும் சரக்கு அரைத்தார்கள். பால் சுரக்கப் பால்சுறாவில் வறை செய்தார்கள். இலை அவித்த வெந்நீரில் முழுக வார்த்தார்கள். முப்பத்தொன்று கழியும் வரை அவளை அடுப்படிப் பக்கம் விடவில்லை. துடக்கு என்ற பெயரில் செய்ததை எல்லாம் நான் ஆதரிப்பவன் அல்லன். ஆனால் அந்தப் பெயரின் கீழ் ஒரு பெண்ணுக்கு ஒரு மாத உறக்கமும், ஓயாத பெண் துணையும் கிடைத்தன. பதுங்குகுழிக்குள்ளும்கூட அந்த அம்மாவைச் சுற்றிப் பத்துப் பெண்கள் இருந்திருப்பார்கள். இன்று வீட்டுத்திட்ட வீட்டில், அடுத்த வீட்டு விளக்குத் தூரத்தில் தெரிய, கணவன் கடலுக்கோ மத்திய கிழக்குக்கோ போயிருக்க, நுண்கடன் வசூலிக்க வருபவரின் மோட்டார்ச் சைக்கிள் சத்தத்துக்குப் பயந்து, அவள் தனியே கிடக்கிறாள்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. கடனும், கசிப்புக் குடித்துவந்து அடிக்கும் கணவனும், காணாமல் ஆக்கப்பட்ட அண்ணனும் ஒருத்தியின் துயரத்துக்குக் காரணம் என்றால், அதற்கு நோய் என்று பெயர் வைத்து ஒரு குளிசையைக் கொடுத்து அனுப்புவது நீதியா? இந்தக் கேள்வியை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். குளிசை கடனை அடைக்காது. காணாமற் போனவரைக் கொண்டுவராது. ஆனால் கால் முறிந்தவனுக்கு, உன்னைத் தள்ளிவிட்டவன் யார் என்று முதலில் கண்டுபிடிப்போம் என்று சொல்லிக் கட்டுப் போடாமல் விடுவோமா? நோயைத் தீர்ப்பதும் நீதியைக் கேட்பதும் இரண்டு கடமைகள். உறக்கம் திரும்பியவளால்தான் தனக்கு நடந்த அநீதியைச் சொல்லவாவது முடியும். பால் கொடுக்கும் தாய் எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. எது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். இரண்டு நாள் சுகமாய் இருந்ததும் தானாக நிறுத்திவிடக் கூடாது. பலருக்கு மருந்தே இல்லாமல், தக்க ஒருவரிடம் மனம் விட்டுக் கதைப்பதே போதுமாயிருக்கும்.

எடின்பரோ நகரில் 1987 இல் ஆக்கப்பட்ட பத்துக் கேள்விகள் தமிழிலும் வந்திருக்கின்றன. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்றே அவை கேட்கின்றன. சிரிக்க முடிகிறதா என்பது முதல் கேள்வி. தனக்குத் தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்பது கடைசி. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் பத்துக்கும் பொய்தான் பதிலாக வரும். ஆதலால் மிட்வைப் மிஸ் வீட்டுக்கு வரும்போது கால் மணி நேரம் கிணற்றடிக்குப் போய்விடுங்கள், மாமிமாரே. அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் கதைக்கலாம்.

செபத்தை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். எண்ணிக்கை ஆகமம் 11 ஆம் அதிகாரத்தில் மோசே இறைவனிடம் முறையிடுகிறார். இந்தச் சனத்தையெல்லாம் நானா கருத்தரித்தேன், கைக்குழந்தையைப்போல் நெஞ்சில் தூக்கிச் செல்ல என்னால் முடியாது, இதைவிட என்னைக் கொன்றுவிடும் என்கிறார். களைத்த தாயின் பேச்சு அது. இறைவன் அவரைக் கண்டிக்கவில்லை. இன்னும் அதிகமாகச் செபி என்றும் சொல்லவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ள எழுபது பேரைக் கொடுத்தார். துயரத்துக்கு மருந்தாக அக்குவினா தோமையார் எழுதியவையும் இவ்வகையே: மகிழ்ச்சி தரும் செயல், கண்ணீர், நண்பரின் இரக்கம், உண்மையைத் தியானித்தல், அவற்றோடு உறக்கமும் குளிப்பும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரிய இறையியலாளர் குளிப்பை எழுதிவைத்ததைக் குருமடத்தில் படித்தபோது நாங்கள் சிரித்தோம். இலை அவித்த வெந்நீர் வார்த்த அம்மம்மாக்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

பழைய வழிபாட்டு முறையில், பிள்ளை பெற்ற தாய் எரியும் மெழுகுதிரியோடு கோவில் வாசலில் முழந்தாளிட்டிருப்பாள். குருவானவர் வாசலுக்கு வந்து, தாம் அணிந்திருக்கும் ஸ்தோலாவின் நுனியை அவள் கையில் கொடுத்து உள்ளே அழைத்துச் செல்வார். 1969 இன் புதிய சடங்குமுறையில் தாய்க்குரிய ஆசீர் ஞானஸ்நானத்தின் முடிவில் வருகிறது. அது நல்ல மாற்றமே. ஆயினும் அவளுக்கென்று மட்டும் ஒருவர் வாசலுக்கு நடந்துவந்த அந்த நிமிடம் கை நழுவிவிட்டது.

ஞானஸ்நானப் பதிவுப் புத்தகத்தில் பிள்ளையின் பெயருக்கும், பெற்றோரின் பெயருக்கும், ஞானப்பெற்றோருக்கும் இடம் உண்டு. இப்போதெல்லாம் அதைத் திறப்பதற்கு முன் தாயைப் பார்த்து, "நித்திரை கொள்ளுறியா பிள்ளை?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் மாமியாரே பதில் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்வரை இருந்துவிட்டு, மறுபடியும் அவளிடமே கேட்கிறேன்.