பூச்சட்டியில் ஒரு செடி

போன மாதம் நம் இயக்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கலந்துரையாடலில் தலைப்பு இதுதான்: "கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா? வீட்டில் வளர்க்க விடலாமா?" வழக்கமாகப் பத்துப் பேர் வருகிற இடத்தில் அன்றைக்கு முப்பது பேர். ஆலய மண்டபத்தில் நாற்காலி போதாமல் சிலர் படியில் உட்கார்ந்தார்கள். ஓர் அண்ணன், "தொட்டாலே நாசம், பேச்சே வேண்டாம்" என்றார். சட்டம் படிக்கிற ஓர் அக்கா கனடா, ஜெர்மனி, உருகுவே என்று பட்டியல் போட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி, "சிவனே அடிக்கிறாரே அண்ணா!" என்றான். மண்டபமே சிரித்தது.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. முடிவில் நடத்துநர் அண்ணன், "என்னப்பா, எதுக்கெடுத்தாலும் வாதாடுவ, இன்னிக்கு என்ன ஊமையாயிட்ட?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தாமானில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அதில் ஒருவன் என் வகுப்புத் தோழன், பெயர் வேண்டாம். ஒருநாள் இரவு என் அறைக்கு வந்தான். "மச்சான், ஒரு சின்ன செட்டப் போட்டுக் குடுடா. லைட்டு தானா எரியணும், தானா அணையணும். சூடு ஏறுனா ஃபேன் ஓடணும்." மின்னியல் படிக்கிறவனிடம் இப்படிக் கேட்டால் வேறென்ன வேண்டும்? எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. மீன் தொட்டிக்காக இருக்கும் என்று நினைத்தேன். ஓர் ஆர்டுயினோ, இரண்டு ரிலே, ஒரு வெப்ப சென்சார், எல்லாம் சேர்த்து ஐம்பது வெள்ளிகூட ஆகவில்லை. ஒரே ராத்திரியில் புரோகிராம் எழுதி முடித்தேன்.

மறுநாள் அதைப் பொருத்த அவன் அறைக்குப் போனேன். துணி அலமாரியைத் திறந்தான். உள்ளே துணி இல்லை. சுற்றிலும் அலுமினியத் தாள். கீழே இரண்டு பூச்சட்டி. வாசனையே சொல்லிவிட்டது.

"விக்கிறதுக்கு இல்லடா, சத்தியமா. எனக்கு மட்டும்தான். பேப்பர் ரெண்டு போனதுலேர்ந்து ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது."

நான் பதில் சொல்லவில்லை. கொண்டுபோன பொருள்களைப் பையில் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று இரவு கைப்பேசியில் சட்டத்தைத் தேடிப் படித்தேன். நம் நாட்டின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம், பிரிவு 6பி: கஞ்சாச் செடி வளர்த்தால் ஆயுள் தண்டனை, அதோடு ஆறுக்குக் குறையாத ரோத்தான் அடி. ஆயுள் என்றால் 30 ஆண்டு. விற்றானா இல்லையா என்பது இந்தப் பிரிவில் கேள்வியே இல்லை. அவனுக்கு அப்போது வயது 21. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 51.

யாரிடம் சொல்வது? பல்கலைக்கழகத்தில் சொன்னால் போலீஸ் வரும். அவன் வீட்டில் சொன்னால் அங்கே என்ன நடக்கும் என்று தெரியாது. ஆக, யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும் பேசவில்லை. அடுத்த பருவத்தில் அவன் படிக்க வரவில்லை. அறையைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் இந்த விவாதத்தை நான் ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தத் தம்பியின் 'சிவன்' வாதம். அதைச் சிரிப்போடு விட்டுவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் நம் வயதுப் பிள்ளைகள் பலர் இதை நிஜமாகவே நம்புகிறார்கள். வட இந்தியாவில் சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் பாங்கு குடிக்கிற வழக்கம் உண்டு. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவின் பூவைத் தடை செய்தாலும், தனி இலையையும் விதையையும் அந்த வரையறைக்குள் கொண்டுவரவில்லை. சித்த மருத்துவத்தில் இந்தச் செடிக்குச் சிவமூலி என்றே ஒரு பெயர் இருக்கிறது. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. செடியின்மேல் எந்தப் பாவமும் இல்லை.

ஆனால் நாம் சிவனுக்கு எதைக் கொண்டுபோகிறோம்? பால், வில்வம், விபூதி. நம் வீட்டில் சொல்லிக்கொடுத்த கதை எது? பாற்கடலில் எழுந்த ஆலகால விஷத்தை, மற்றவர் யாரும் அழியக்கூடாது என்பதற்காகத் தான் வாங்கிக் கண்டத்தில் நிறுத்திய கதை. உலகத்தைக் காப்பாற்ற விஷம் குடித்தவர் பெயரைச் சொல்லி, நம் சந்தோஷத்துக்குப் புகைக்க அனுமதி கேட்கிறோம். சுடுகாட்டில் உட்கார்ந்து தவம் செய்ய நம்மில் யாரும் தயாராக இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிவபக்தி பொங்குகிறது!

அடுத்து, "பல நாடுகள் சட்டபூர்வமாக்கிவிட்டன, அப்புறம் என்ன?" என்ற வாதம். உருகுவே 2013இல் முதல் நாடாக அனுமதித்தது. வீட்டுக்கு ஆறு செடி. கனடா 2018இல், பெரும்பாலான மாநிலங்களில் வீட்டுக்கு நான்கு. ஜெர்மனி 2024இல், வயது வந்த ஒருவருக்கு மூன்று. இவர்கள் சொல்கிற காரணத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். தடை போட்டாலும் சனம் புகைக்கத்தான் செய்கிறது, காசு கும்பலுக்குப் போகிறது; வீட்டில் ஒரு செடி இருந்தால் கும்பலுக்கு அங்கே வேலை இல்லை என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

நம் பக்கத்து வீட்டையும் பார்க்க வேண்டும். தாய்லாந்து 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. வீட்டில் வளர்க்கப் பத்து லட்சம் செடிகளை இலவசமாகத் தருவதாக அரசாங்கமே அறிவித்தது. ஆனால் முழுமையான கட்டுப்பாட்டுச் சட்டம் கைவசம் இல்லை. கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. மூன்று ஆண்டு கழித்து, 2025 ஜூனில், பூவை வாங்க மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பவும் கயிற்றை இறுக்கினார்கள். கதவை ஒரே நாளில் திறந்துவிடலாம். மறுபடி சாத்துவதுதான் கஷ்டம்.

அதைவிட முக்கியமான பாடம் நம் தாத்தா பாட்டி காலத்திலேயே இருக்கிறது. 'சட்டபூர்வமான போதை' நமக்குப் புதுசு இல்லை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை சட்டப்படிதான் நடந்தது. துரைமார்களின் ஆசியோடு, லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே நடந்தது. பால்மரம் வெட்டிச் சம்பாதித்த கூலி அதே தோட்டத்துக் கள்ளுக்கடைக்குத் திரும்பிப் போனது. நகரத்தில் அபினும் அப்படித்தான். பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு அது பெரிய வருமானம். 1946, 47இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்று நம் இளைஞர்கள் திரண்டு கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றபோது, போலீஸ் கள்ளுக்கடைக்காரன் பக்கம்தான் நின்றது. சட்டம் யார் பக்கம், தர்மம் யார் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு வந்த சம்சுவும் கடையில் விற்ற சரக்குதான். எத்தனை குடும்பத்தை அது தின்றது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே போதும்.

ஆகவே, "சட்டம் அனுமதித்துவிட்டது" என்பது, "நான் செய்யலாமா?" என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே எழுதினார். அவருடைய கவலை சட்டத்தைப் பற்றியது அல்ல, குடிப்பவன் இழக்கிற அறிவைப் பற்றியது. கஞ்சாவுக்கும் அதே கேள்விதான். பயன்படுத்துகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பதின்ம வயதில் ஆரம்பித்தால் ஆபத்து இன்னும் அதிகம். மூளை முதிர இருபத்தைந்து வயது வரை ஆகிறது. இதைப் படிக்கிற நம்மில் பாதிப் பேர் அந்த வயதைத் தாண்டவில்லை.

"என் வீடு, என் செடி, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீடு என்பது நம் ஒருவருடையது மட்டும் இல்லை. அந்த வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அலமாரி அவனுடையது, ஆனால் சோதனை வந்திருந்தால் ஐந்து பேரும்தான் போலீஸ் காடியில் ஏறியிருப்போம். நம் குடும்ப வீடுகளில் தம்பி இருக்கிறான், தங்கச்சி இருக்கிறாள், பாட்டி இருக்கிறார். அனுமதி கொடுத்த ஜெர்மனியே, செடி பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது.

இதுவரை படித்தவர்கள் என்னை அந்த முதல் அண்ணனின் கட்சியில் சேர்த்திருப்பீர்கள். பாதிதான் சரி. கஞ்சா எனக்கு வேண்டாம், என் தம்பிக்கும் வேண்டாம். ஆனால் தூக்கமில்லாமல் தவித்து இரண்டு செடி வளர்த்த ஒருவனுக்கு 30 ஆண்டா? "இது தப்பு" என்று சொல்வதும், "இந்தத் தப்புக்கு இந்தத் தண்டனை நியாயம்" என்று சொல்வதும் வேறு வேறு. அன்றைய கலந்துரையாடலில் இரண்டு தரப்புமே இதைக் கலந்து குழப்பிக்கொண்டது.

எங்கள் பாடத்தில் ஃபியூஸ் பற்றிப் படிக்கிறோம். கோளாறு வந்தால் அந்த இணைப்பை மட்டும் துண்டித்து வீட்டைக் காப்பாற்ற வேண்டும். கோளாறைப் பார்த்து வீட்டையே கொளுத்துகிற ஃபியூஸை எந்த இன்ஜினியரும் பொருத்த மாட்டான்.

நம் நாட்டில் 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே அதைக் கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கிறது. 2018இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம், நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்துவந்த ஓர் இளைஞருக்கு மரண தண்டனை விதித்தது; பிரதமரே அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சொன்னார். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீங்கியது. இப்போது நீதிபதி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் கொடுக்கலாம். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் இன்னும் தூக்குதான். 2023 ஏப்ரலில் அங்கே ஒரு கிலோ கஞ்சா வழக்கில் தூக்கிலிடப்பட்டவர் ஒரு தமிழர். வேறு போதைப்பொருள் வழக்குகளில் மலேசியத் தமிழ் இளைஞர்களும் அங்கே தூக்கில் போனார்கள். அந்தச் செய்திகளின் கீழே நம் ஆட்களே, "நல்லா வேணும்" என்று எழுதினார்கள். திருநீறு பூசிய படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு அப்படி எழுதலாமா?

கடுமையான தண்டனை பயத்தைக் கொடுக்கும், உண்மைதான். எனக்கும் கொடுத்தது. ஆனால் அந்தப் பயம் அவனைத் தடுக்கவில்லை. உதவியிருக்கக்கூடிய என்னைத்தான் தடுத்தது. தண்டனை ஓர் அபராதமாகவோ கட்டாய ஆலோசனையாகவோ இருந்திருந்தால், நான் யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

இப்படித்தான் ரொம்ப நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். ஆனால் இதுவும் முழு உண்மை இல்லை. போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து சிகிச்சை கேட்க 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி வைத்திருக்கிறது. ஏஏடிகே எனும் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். செடி வளர்த்த குற்றத்துக்கு அது மன்னிப்பு ஆகாது. ஆனால் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒருவன் உதவி கேட்க ஒரு கதவு இருந்தது. நான் தேடியது தண்டனையை மட்டும்தான், அந்தக் கதவைத் தேடவில்லை. அதை விடுங்கள். அவனைக் கூட்டிக்கொண்டு மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்து, "ஏன்டா தூக்கம் வரல?" என்று கேட்க எந்தச் சட்டம் என்னைத் தடுத்தது?

அவன் ஊருக்குப் போன சில வாரம் கழித்து அவன் அம்மா எனக்கு ஃபோன் செய்தார். "தம்பி, நீ கூடவே இருந்தியேப்பா. பிள்ளை ரூம விட்டு வெளிய வர மாட்றான். உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாது ஆன்ட்டி" என்றேன்.

அதனால்தான் அன்று மண்டபத்தில் நான் பேசவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத உட்காருவதற்கு முன்னால் அந்த எண்ணுக்கு நானே ஃபோன் செய்தேன். அவன் அம்மாதான் எடுத்தார். அன்றைக்குச் சொன்னது பொய் என்று முதலில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இரு தம்பி, அவன்கிட்ட குடுக்கிறேன்" என்றார். நாங்கள் என்ன பேசினோம் என்பது எங்களோடு இருக்கட்டும்.

சட்டம் மாற வேண்டுமா என்பதை நாடாளுமன்றம் ஒருநாள் விவாதிக்கும். அப்போது நாமும் நம் கருத்தைச் சொல்லலாம். என் கருத்து மேலே இருக்கிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு தலைப்பை அடுத்த கலந்துரையாடலுக்குத் தருகிறேன்: "நம்மில் ஒருவன் மாட்டிக்கொண்டு தவித்தால், நாம் என்ன செய்வோம்? புலனக் குழுவிலிருந்து அவன் பெயரை நீக்குவோமா, அவன் வீட்டுக்குப் போவோமா?"

அண்ணன் இதை ஏற்றுக்கொண்டால், அன்றைக்கு நான் பேசுகிறேன்.