மெசேரோவின் டொக்டர் அம்மா



நம் பங்குகளில் ஒரு தாய் இறந்தால் 31ம் நாளுக்குள் ஒரு நினைவு மலர் அச்சாகிவிடும். முன் அட்டையில் அன்னாரின் படம். உள்ளே பிள்ளைகளின் புலம்பல், மருமக்களின் நன்றி, பூட்டப்பிள்ளைகள் வரை பெயர் வரிசை. பெண்குலத் திலகம் என்றும், பாசத்தின் உறைவிடம் என்றும் எழுதியிருப்போம். ஆனால் அந்த அம்மா காலையில் எத்தனை மணிக்கு எழும்பினார், அயல் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்டு எந்தப் படலையைத் திறந்துகொண்டு ஓடினார், தன் பங்குச் சோற்றை யாருக்குக் கொடுத்தார் என்பவற்றைத் தேடினால் அகப்படுவதில்லை.

பழமொழி ஆகமத்தின் 31ம் அதிகாரம் அப்படியன்று. அடக்கத் திருப்பலிகளில் அதை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். ஒரு நல்ல மனைவியைப் புகழ வந்த அந்த ஞானி, அடைமொழிகளை அடுக்கவில்லை. அவள் செய்த வேலைகளைச் சொல்லிக்கொண்டு போகிறார். விடியுமுன் எழும்புகிறாள், கம்பளியும் சணலும் தேடுகிறாள், வயல் வாங்குகிறாள், இரவிலும் அவள் விளக்கு அணைவதில்லை, ஏழைக்கு அவள் கை திறந்தே இருக்கிறது. அந்த வீட்டின் அடுப்படிக்கும் ஊரின் ஏழைக்குமிடையே வேலி கிடையாது.

இந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நம் காலத்துக்குக் கிட்டிய ஒரு தாயின் வாழ்வைச் சற்றுப் பார்ப்போம். புனித ஜான்னா பெரெத்தா மோல்லா என்பது அவர் பெயர்.

1922ம் ஆண்டு ஒக்டோபர் 4ம் திகதி, இத்தாலியில் மிலான் நகருக்கு அண்மையிலுள்ள மஜெந்தாவில் பிறந்தார். பெற்றோருக்குப் பிள்ளைகள் 13 பேர், இவர் 10வது. சகோதரர்களில் இருவர் குருக்களானார்கள், ஒரு சகோதரி கன்னியாஸ்திரியானார். 1942ல், சில மாத இடைவெளியில், தாயையும் தகப்பனையும் இழந்தார். ஆயினும் படிப்பைக் கைவிடவில்லை. 1949ல் பாவியா பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்று, 1950ல் மஜெந்தாவை அடுத்த மெசேரோ என்ற சிற்றூரில் மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்தார். 1952ல் குழந்தை மருத்துவத்திலும் தேர்ச்சி பெற்றார். தாய்மாரும் குழந்தைகளும் முதியோரும் ஏழைகளுமே அவருடைய முதற் கவனத்துக்குரியவர்கள். இவற்றோடு கத்தோலிக்க சேவையில் இளம்பெண்களை வழிநடத்துவார். வின்சென்ற் டி போல் சபையினரோடு வறியோர் வீடுகளுக்குப் போவார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பக்தி உள்ளவர்கள் சிலருக்கு இது பிடிக்காமற் போகலாம். ஜான்னா பனிமலையில் சறுக்கி விளையாடுவார். ஓவியம் தீட்டுவார். இசையரங்குகளுக்குப் போவார். நல்ல உடையை விரும்பி உடுத்துவார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பதுதான் புனிதம் என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது!

அவருடைய சொந்த ஆசை வேறொன்று. அவர் அண்ணன்மாரில் ஒருவர் கப்புச்சின் சபைக் குருவாகவும் வைத்தியராகவும் பிரேசில் நாட்டின் கிராஜாவு என்ற இடத்தில் பணி செய்துகொண்டிருந்தார். தாமும் அங்கே போய் ஏழைத் தாய்மாருக்கு வைத்தியம் செய்யவேண்டும் என்று ஜான்னா விரும்பினார். உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. செபித்தார், ஆலோசனை கேட்டார், கடைசியில் திருமணமே தமக்கான அழைப்பு என்று தெளிந்தார். மற்ற வழி அடைபட்டதால் கலியாணம் என்ற எண்ணம் அவரிடம் இருக்கவில்லை. இறைவன் தரும் வேலையாகவே அதையும் மகிழ்ச்சியோடு ஏற்றார். 1955 செப்டெம்பர் 24ம் திகதி பியேத்ரோ மோல்லா என்ற பொறியியலாளரை மணந்தார். பியேத்ரோ தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பொறுப்பாளர். 1956, 1957, 1959ம் ஆண்டுகளில் மூன்று குழந்தைகள் பிறந்தன. மெசேரோவின் வைத்தியத்தை ஜான்னா விடவில்லை. குடியிருந்த பொந்தே நுவோவோவில் தாய்சேய் நிலையத்தையும் பார்த்துக்கொண்டார். அதற்குப் பின் இருமுறை கரு தங்காமற் போயிற்று. அந்தத் துயரை அறிந்த தாய்மார் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

1961ல் மீண்டும் கருவுற்றார். இரண்டாம் மாத முடிவில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி ஒன்று வளர்ந்திருப்பது தெரியவந்தது. தாம் வைத்தியராகையால், யாரும் அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. கர்ப்பப்பையை முழுதாக அகற்றிவிடலாம். தாய் பிழைப்பாள், சிசு இறக்கும். கருவைக் கலைத்துவிட்டுக் கட்டியை எடுக்கலாம். அல்லது கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கருவைத் தொடாமல் விடலாம்; இதிலே தாய்க்குத்தான் ஆபத்து அதிகம். ஜான்னா மூன்றாவதையே கேட்டார். செப்டெம்பர் 6ம் திகதி மொன்சா நகர வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. சிசு தப்பியது.

இங்கே நான் சற்று நிற்கவேண்டியிருக்கிறது. இந்த வரலாற்றைச் சில பிரசங்கங்களில் தாய்மாரை அடிக்கும் பிரம்பாகக் கையாளுகிறார்கள். அது தவறு. தாயின் உயிருக்கு ஆபத்தாக நோயுற்ற கர்ப்பப்பையை அகற்றுவதைத் திருச்சபை தடுப்பதில்லை. அதனால் சிசு இறக்க நேர்ந்தாலும் அது கருக்கலைப்பு ஆகாது. நேராகச் சிசுவைக் கொல்வதைத்தான் அது மறுக்கிறது. ஆகவே முதல் வழி ஜான்னாவுக்குத் திறந்தே இருந்தது. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கடமையின் எல்லையைத் தாண்டி அன்பு அவரைக் கொண்டுபோயிற்று. அத்தகைய சிகிச்சைக்குட்பட்டு, இன்றுவரை உள்ளத்தில் உறுத்தலோடு இருக்கும் சகோதரி யாராவது இதை வாசித்தால், அம்மா, உங்கள் மேல் குற்றமில்லை. மனம் ஆறுங்கள்.

அவர் சாவைத் தேடிப் போனவருமல்லர். சிகிச்சைக்குப் பின் ஏழு மாதம் வீட்டையும் நோயாளரையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு வாழ்ந்தார். தாமும் குழந்தையும் பிழைக்கவேண்டும் என்றே செபித்தார். ஆனால் பேறுகாலத்துக்குச் சில நாட்களின் முன் கணவரிடம், இருவரில் ஒருவரைத் தெரிய நேர்ந்தால் தயங்காமல் குழந்தையைத் தெரியும்படி உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையைக் காதால் கேட்ட கணவனின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

1962ம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று வைத்தியசாலைக்குப் போனார். மறுநாள் பெரிய சனி, ஏப்ரல் 21ம் திகதி, சிசேரியன் சிகிச்சையால் பெண் குழந்தை பிறந்தது. சில மணி நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் ஏறியது. வயிற்றினுள் கிருமி தொற்றிவிட்டது. மருந்துகள் பயனளிக்கவில்லை. ஒரு வாரம் கடும் வேதனை. ஏப்ரல் 28ம் திகதி காலை, தம் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பின், உயிர் பிரிந்தது. வயது 39. பாஸ்குத் திருநாளின் எண்கிழமை இன்னும் முடியவில்லை.

வழக்கமாகக் கதை இத்துடன் முடிந்துவிடும். நான் முடிக்கமாட்டேன். ஐந்து வயதில் ஒன்று, நான்கில் ஒன்று, இரண்டில் ஒன்று, ஏழு நாட் பச்சிளம் சிசு ஒன்று என நான்கு பிள்ளைகளோடு ஒரு மனிதர் நிற்கிறார். இரண்டே ஆண்டில், 1964ல், மூத்த மகளும் ஆறு வயதில் நோயால் இறந்தாள். பியேத்ரோ மறுமணம் செய்யவில்லை. உறவினர் துணையோடு மற்ற மூவரையும் வளர்த்து ஆளாக்கினார். தாய் கொடுத்த கொடையைக் காத்துத் தந்தவர் அவர். பழமொழி ஆகமத்தில் அந்த நல்ல மனைவியின் கணவன் ஊர் வாசலிலே மூப்பர்களோடு அமர்ந்திருக்கிறான். அதை மட்டும் பிடித்துக்கொண்டு சந்தியில் நேரம் போக்கும் நம் குடும்பத் தலைவர்கள் பியேத்ரோவையும் கொஞ்சம் நினைத்தால் நல்லது. மனைவி இருக்கும்போதே அந்த விளக்குக்கு எண்ணெய் விடலாம். செத்தபின் நினைவு மலருக்கு ஆகும் செலவைவிட அது குறைவு.

அதே அதிகாரத்தில், பிள்ளைகள் எழுந்து தாயைப் பேறுபெற்றவள் என்று புகழ்வதாக வருகிறது. 1994 ஏப்ரல் 24ம் திகதி, உலகக் குடும்ப ஆண்டிலே, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஜான்னாவுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2004 மே 16ம் திகதி புனிதர் பட்டமும் அளித்தார். அந்த இரண்டு பட்டங்களுக்கும் ஏற்கப்பட்ட அற்புதங்கள் இரண்டும் பிரேசில் நாட்டுத் தாய்மாருக்கு நிகழ்ந்தவை. முதலாவது, அண்ணன் பணி செய்த அதே கிராஜாவுவில்! உயிரோடு போக முடியாத ஊருக்கு அவர் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

புனிதர் பட்ட நாளில் இராயப்பர் பேராலய முற்றத்தில் 91 வயதுக் கணவர் இருந்தார். பிள்ளைகளும் இருந்தார்கள். தாயின் முகத்தைப் படத்தில் மட்டுமே கண்டு வளர்ந்த கடைசி மகளும் இருந்தாள். தாயின் பெயரைத் தாங்கிய அவளும் ஒரு வைத்தியரே. முதியோர் மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றவர். பியேத்ரோ 2010 ஏப்ரல் 3ம் திகதி இறந்தார். அன்று பெரிய சனி. கணவனும் மனைவியும் இப்போது மெசேரோ சேமக்காலையில் அருகருகே துயில்கிறார்கள், 1950ல் அந்த இளம் டொக்டர் முதன்முதலாக ஏழைகளுக்குக் கதவு திறந்த அதே ஊரில்.